அவுரி நீலத்தில் பதிலிகளின் விளைவு

அவுரி நீலத்தில் பதிலிகளின் விளைவு என்பது, அவுரி நீலம் (இண்டிகோ) என்னும் பல்லினவளையச் சேர்மத்தின் மூலக்கூற்றில் ஒரு ஹைட்ரஜன் அணு இருந்த இடத்தில் வேறோர் அணுவோ அணுத்தொகுதியோ அமரும்போது, அம்மூலக்கூற்றின் வடிவிலும் எதிர்மின்னிகளின் (எலக்ட்ரான்களின்) பரவலிலும் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். இவ்வாறு வந்து அமரும் அணு அல்லது தொகுதி பதிலி எனப்படும். பதிலியின் வகையையும் அது அமரும் இடத்தையும் பொறுத்து அவுரி நீலத்தின் நிறம், கரைதிறன், ஒளியைத் தாங்கும் தன்மை ஆகியவை பெரிதும் மாறுகின்றன. பல்லினவளையச் சேர்மங்களில் பதிலிகள் ஆற்றும் பணியைக் கண்ணால் காணத்தக்க எடுத்துக்காட்டுகளுள் இது முதன்மையானது.

கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள சுவரோவியங்கள் சார்ந்த கேரள ஓவிய மரபில், பச்சை நிறத்திற்கு அவுரி நீலம் அடிப்படையாகும். ஆகவே, இச்சேர்மத்தின் வேதியியல் அம்மரபு ஓவியங்களைப் பாதுகாப்பதோடும் நேரடித் தொடர்புடையது.

## பத்மநாபபுரம் ஓவியங்களும் பச்சை நிறமும்

பத்மநாபபுரம், கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் கல்குளம் வட்டத்தில் அமைந்துள்ளது. 1795 வரை இது திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழ்நாட்டுடன் இணைக்கப்பட்டது. எனினும் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே பேணி வருகிறது. அரண்மனையின் உயரமான பகுதியாகிய உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில், பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவரோவியங்கள் உள்ளன.

கேரளச் சுவரோவிய மரபு ஐந்து நிறங்களை அடிப்படையாகக் கொண்டது. அவை சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை என்பனவாகும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகள் நிறைந்த காவி மண்ணிலிருந்து பெறப்படுகின்றன. கருப்பு, எண்ணெய் விளக்கின் புகைக்கரி. வெள்ளை, சுவரின் சுண்ணாம்பு. பச்சை மட்டும் இரு தாவரப் பொருள்களின் கலவையாகும். ஒன்று, அவுரிச் செடியிலிருந்து (மலையாளத்தில் நீல அமரி) பெறப்படும் நீலம். மற்றொன்று, கார்சினியா மொரெல்லா என்னும் மரத்தின் மஞ்சள் பிசின் (மலையாளத்தில் எரவிக்கரை).

ஏனைய நான்கும் கனிமங்கள் அல்லது தூய கரி என்பதால், அவற்றின் நிறம் எளிதில் மாறுவதில்லை. பச்சையின் நிறமோ இருவகைக் கரிம மூலக்கூறுகளைச் சார்ந்தது. அம்மூலக்கூறுகளில் ஒரு தொகுதி இடம்பெயர்ந்தாலோ நீங்கினாலோ நிறமும் மாறிவிடும்.

## அடிப்படைக் கருத்துகள்

கார்பனுடன் நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் போன்ற வேறு தனிம அணுக்களும் சேர்ந்து வளையம் அமைத்தால் அச்சேர்மம் பல்லினவளையச் சேர்மம் எனப்படும். வளையத்திலுள்ள அந்த வேற்று அணு பல்லின அணு ஆகும். பைரோல், ஃபியூரான், தயோஃபீன், பிரிடின், இண்டோல் ஆகியவை எளிய எடுத்துக்காட்டுகள்.

பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன்களும் ஒத்தவை. அதனால் முதற்பதிலி எந்த இடத்தில் அமர்ந்தாலும் கிடைப்பது ஒரே சேர்மமே. பல்லின அணு உள்ள வளையத்தில் ஒவ்வோர் இடமும் எதிர்மின்னி அடர்த்தியில் வேறுபடுகிறது. எனவே ஒரே பதிலி வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது. இவ்விளைவுகள் மூன்று வழிகளில் தோன்றுகின்றன.

* தூண்டல் விளைவு: பதிலி ஒற்றைப் பிணைப்புகளின் வழியாக எதிர்மின்னிகளைத் தன்பால் இழுத்தல் அல்லது விலக்குதல். தொலைவு கூடக்கூட இது விரைவில் குறையும்.
* உடனிசைவு விளைவு: பதிலியின் தனித்த இணை எதிர்மின்னிகள் அல்லது இரட்டைப் பிணைப்பு, வளையத்தின் பை எதிர்மின்னிகளோடு கலத்தல். இது ஒன்றுவிட்டு ஒன்றான சில இடங்களை மட்டுமே சென்றடையும்.
* கொள்ளிட விளைவு: பதிலியின் பருமன் அருகிலுள்ள அணுக்களை நெருக்கி மூலக்கூற்றைத் திருகச் செய்தல்.

பிரிடினின் காரத்தன்மை இதனை எளிதாகக் காட்டுகிறது. பிரிடினிய அயனியின் பிகேஏ மதிப்பு 5.2 ஆகும். இம்மதிப்பு உயர்ந்தால் காரத்தன்மை மிகுதி. அமினோ தொகுதி 4-ஆம் இடத்தில் அமர்ந்தால் மதிப்பு ஏறத்தாழ 9.1 ஆக உயர்கிறது. அதே தொகுதி 3-ஆம் இடத்தில் அமர்ந்தால் 6.0 மட்டுமே. 4-ஆம் இடத்திலிருந்து அமினோ தொகுதியின் தனித்த இணை, உடனிசைவின் வழியாக வளைய நைட்ரஜனைச் சென்றடைகிறது. 3-ஆம் இடத்திலிருந்து அவ்வழி இல்லை. மாறாக, எதிர்மின்னிகளை இழுக்கும் குளோரின் 3-ஆம் இடத்தில் அமர்ந்தால் மதிப்பு 2.8 ஆகவும், நைட்ரஜனுக்கு அருகிலுள்ள 2-ஆம் இடத்தில் அமர்ந்தால் ஏறத்தாழ 0.7 ஆகவும் தாழ்கிறது. பதிலி எது என்பதைப் போலவே அது எங்கே உள்ளது என்பதும் முக்கியம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

## அவுரி நீலத்தின் அமைப்பு

அவுரி நீல மூலக்கூற்றில் 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இண்டோல் வகையைச் சேர்ந்த இரு ஒத்த பாதிகள், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பால் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாதியிலும் நைட்ரஜன் 1-ஆம் இடம். நடு இரட்டைப் பிணைப்பிலுள்ள கார்பன் 2-ஆம் இடம். கார்பனைல் கார்பன் 3-ஆம் இடம். ஒட்டியுள்ள பென்சீன் வளையத்தில் 4 முதல் 7 வரையிலான இடங்களில் பதிலிகள் அமரலாம். மறுபாதியின் இடங்கள் 1', 2' என மேற்கோடிட்டுக் குறிக்கப்படும்.

நடு இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும், எதிர்மின்னிகளை ஈயும் ஒரு நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதியும், எதிர்மின்னிகளை ஏற்கும் ஒரு கார்பனைல் தொகுதியும் உள்ளன. இவை குறுக்காக அமைந்து, ஆங்கில எழுத்தாகிய எச் போன்ற தோற்றம் தருவதால் இப்பகுதி எச்-நிறந்தாங்கி எனப்படுகிறது. நீல நிறத்திற்கு இச்சிறு பகுதியே முதன்மைக் காரணம் என்பதை 1960களில் செருமானிய வேதியியலாளர்களான கிளெசிங்கரும் லூட்கேயும் நிறுவினர். பக்கவாட்டிலுள்ள பென்சீன் வளையங்கள் இதனைத் துணைநின்று திருத்துகின்றன.

ஒரு பாதியின் நைட்ரஜனிலுள்ள ஹைட்ரஜன், மறுபாதியின் கார்பனைல் ஆக்சிஜனுடன் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. இத்தகைய இரு பிணைப்புகள் மூலக்கூற்றைத் தட்டையாகவும், மாறுபக்க அமைப்பிலும் நிறுத்துகின்றன. திண்மத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளுடனும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. இதனால் அவுரி நீலம் நீரில் கரைவதில்லை. அதன் உருகுநிலையும் ஏறத்தாழ 390 பாகை செல்சியசு என்னும் உயர்ந்த அளவில் உள்ளது.

சூழலும் நிறத்தை மாற்றுகிறது. ஆவிநிலையில் அவுரி நீலம் ஏறத்தாழ 540 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சிச் செந்நிறமாகத் தோன்றுகிறது. குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்களில் இது 605 நானோமீட்டரை ஒட்டியும், திண்மத்தில் 660 நானோமீட்டரை ஒட்டியும் அமைகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதே இவ்வளவு பெரிய நகர்வுக்குக் காரணம்.

## இலையில் உள்ள பதிலி: குளுக்கோசு

அவுரிச் செடியின் பசும் இலையில் அவுரி நீலம் இல்லை. அங்கு இருப்பது இண்டிகன் என்னும் நிறமற்ற, நீரில் கரையும் சேர்மமாகும். இண்டோல் வளையத்தின் 3-ஆம் இடத்தில், ஓர் ஆக்சிஜன் வழியாகக் குளுக்கோசு இணைந்திருப்பதே இண்டிகன். இங்கு குளுக்கோசு, வளையத்தை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் மூடி போலப் பயன்படுகிறது.

இலைகளை நீரில் ஊறவைக்கும்போது நொதிகள் குளுக்கோசை வெட்டி நீக்குகின்றன. எஞ்சும் இண்டாக்சிலில் 3-ஆம் இடத்தில் ஹைட்ராக்சி தொகுதி உள்ளது. இது, குறிப்பாகக் காரக் கரைசலில், வளையத்தினுள் எதிர்மின்னிகளை மிகுதியாகச் செலுத்துவதால் 2-ஆம் இடம் வினைத்திறன் மிக்கதாகிறது. நீரைக் கலக்கிக் காற்றேற்றும்போது இரு இண்டாக்சில் மூலக்கூறுகள் 2-ஆம் இடங்களில் இணைந்து, ஆக்சிஜனேற்றமடைந்து, நீலமாகப் படிகின்றன. பதிலி நீங்கியவுடன் நிறமற்ற பொருள் நிறம் பெறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இண்டாக்சிலின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றத்தால் ஐசாட்டினாக மாறும். ஐசாட்டினும் இண்டாக்சிலும் இணைந்தால் இண்டிரூபின் என்னும் சிவந்த மாற்றியன் உண்டாகும். இதில் இரு பாதிகளும் 2, 3' இடங்களின் வழியாக இணைந்துள்ளன. அணுக்களின் எண்ணிக்கை மாறாமல், இணைப்பிடம் மட்டும் மாறியதால் நீலம் சிவப்பாகிறது. இயற்கை அவுரி நீலத்தில் இண்டிரூபின் சிறிதளவு கலந்திருப்பது வழக்கம்.

## பல்லின அணுவை மாற்றுதல்

வளையத்தின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதிக்குப் பதிலாக வேறு அணுவை வைப்பது, பதிலீட்டுக்கு மிக நெருங்கிய மாற்றமாகும். இருபாதியிலும் கந்தகத்தை வைத்தால் தயோஇண்டிகோ கிடைக்கிறது. இது ஏறத்தாழ 545 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் செந்நிறச் சாயம். ஆக்சிஜனை வைத்தால் உறிஞ்சல் ஏறத்தாழ 420 நானோமீட்டருக்கு இறங்கி மஞ்சள் நிறம் தோன்றுகிறது. நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் என்னும் வரிசையில் எதிர்மின்னிகளை ஈயும் திறன் குறைவதே இதன் அடிப்படை. இரண்டிலும் நைட்ரஜன் மீதான ஹைட்ரஜன் இல்லாததால் உள் ஹைட்ரஜன் பிணைப்பும் இல்லை. தயோஇண்டிகோ ஒளிபட்டால் மாறுபக்க அமைப்பிலிருந்து ஒருபக்க அமைப்புக்கு மாறும் தன்மையுடையது.

## பென்சீன் வளையத்தில் பதிலிகள்

5-ஆம் இடம், நைட்ரஜன் இணைந்துள்ள கார்பனுக்கு நேர் எதிரே உள்ளது. 6-ஆம் இடம், கார்பனைல் தொகுதி இணைந்துள்ள கார்பனுக்கு நேர் எதிரே உள்ளது. ஆகவே 5-ஆம் இடத்துப் பதிலி ஈயும் முனையையும், 6-ஆம் இடத்துப் பதிலி ஏற்கும் முனையையும் பாதிக்கின்றன. அதனால் ஒரே தொகுதி, இடம் மாறினால் எதிரெதிர் விளைவைத் தருகிறது. கரைசலில் அளக்கப்பட்ட உறிஞ்சல் அலைநீளங்கள் (ஏறத்தாழ, நானோமீட்டரில்) பின்வருமாறு:

| பதிலி | 5,5' இடங்களில் | 6,6' இடங்களில் |
|---|---|---|
| பதிலி இல்லை | 605 | 605 |
| ஆல்காக்சி (ஈயும் தொகுதி) | 645 | 570 |
| குளோரோ | 620 | 590 |
| நைட்ரோ (ஈர்க்கும் தொகுதி) | 580 | 635 |

ஆல்காக்சி தொகுதி 5-ஆம் இடத்தில் இருந்தால் நைட்ரஜனின் ஈயும் திறனை வலுப்படுத்துகிறது. உறிஞ்சல் நீண்ட அலைநீளத்திற்குச் சென்று நிறம் பச்சை சார்ந்த நீலமாகிறது. அதுவே 6-ஆம் இடத்தில் இருந்தால், கார்பனைலுக்குத் தானே எதிர்மின்னிகளை ஊட்டி அதன் ஏற்கும் திறனைத் தளர்த்துகிறது. உறிஞ்சல் குறுகிய அலைநீளத்திற்குச் சென்று நிறம் ஊதாவை நெருங்குகிறது. நைட்ரோ தொகுதிக்கு இவ்வரிசை முற்றிலும் தலைகீழாகிறது.

ஆலசன்கள் தூண்டல் விளைவால் எதிர்மின்னிகளை இழுப்பவை, உடனிசைவு விளைவால் ஈபவை. அவுரி நீலத்தில் நிறத்தைத் தீர்மானிப்பதில் உடனிசைவு மேலோங்குவதால், அவை ஆல்காக்சி தொகுதி சென்ற திசையிலேயே சிறிதளவு செல்கின்றன.

### கடல்நத்தை ஊதா

6,6'-டைபுரோமோஇண்டிகோ, பண்டைய மத்தியதரைக் கடற்பகுதியில் மியூரெக்சு வகைக் கடல் நத்தைகளிலிருந்து எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஊதாச் சாயத்தின் முதன்மைச் சேர்மமாகும். 1909 இல் வேதியியலாளர் பால் ஃபிரீட்லெண்டர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயத்தைப் பிரித்தெடுத்து இதன் அமைப்பைக் கண்டறிந்தார். இதன் உறிஞ்சல் 590 நானோமீட்டரை ஒட்டியது. அவுரி நீலத்திலிருந்து 15 நானோமீட்டரே விலகிய இந்நகர்வு, நீலத்தை ஊதாவாக மாற்றப் போதுமானது.

இச்சாயத்தை ஒடுக்கிக் கரைத்த நிலையில் சூரிய ஒளி பட்டால் புரோமின் அணுக்கள் நீங்கிவிடுகின்றன. பின்னர் காற்றேற்றினால் வெறும் அவுரி நீலமே கிடைக்கிறது. புரோமின் இரு பாதிகளிலும் 5, 7 இடங்களில் அமைந்த நான்கு புரோமின் சேர்மம், சிபா நீலம் 2பி என்னும் பெயரில் தொழில்முறைச் சாயமாக விற்கப்பட்டது. அது ஊதாவாகாமல் பளிச்சென்ற நீலமாகவே இருந்தது. புரோமின் அமரும் இடத்தின் முக்கியத்துவத்தை இவ்விரு சாயங்களின் ஒப்பீடு தெளிவாக்கும்.

## நைட்ரஜன் மீது பதிலிகள்

நைட்ரஜனிலுள்ள ஹைட்ரஜனை நீக்கி வேறு தொகுதியை வைத்தால், எதிர்மின்னிப் பரவலோடு மூலக்கூற்றின் வடிவமும் மாறுகிறது.

இரு நைட்ரஜன்களிலும் மீத்தைல் தொகுதி இருந்தால், அது கார்பனைல் ஆக்சிஜனை நெருக்குகிறது. ஹைட்ரஜன் பிணைப்புகள் மறைகின்றன. நடு இரட்டைப் பிணைப்பு திருகலடைந்து தட்டைத்தன்மை குலைகிறது. திருகிய இரட்டைப் பிணைப்பைக் கிளர்த்தக் குறைந்த ஆற்றலே போதும் என்பதாலும், மீத்தைல் தொகுதி எதிர்மின்னி ஈவதாலும், உறிஞ்சல் ஏறத்தாழ 650 நானோமீட்டருக்கு நகர்ந்து பச்சை கலந்த நீலம் தோன்றுகிறது.

அசிட்டைல் தொகுதி அமர்ந்தால் நிகழ்வது வேறு. அது நைட்ரஜனின் தனித்த இணையைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் ஈயும் முனை வலுவிழக்கிறது. உறிஞ்சல் 560 நானோமீட்டரை ஒட்டி இறங்கி, நிறம் சிவப்பாகிறது. ஆக, இரு பதிலிகளும் மூலக்கூற்றைத் திருகச் செய்தாலும், நிறம் எத்திசையில் நகரும் என்பதை எதிர்மின்னி விளைவே முடிவு செய்கிறது.

நைட்ரஜனில் பதிலி பெற்ற இவ்விரு சேர்மங்களும் ஒளிபட்டு ஒருபக்க அமைப்புக்கு மாறக்கூடியவை. பதிலியற்ற அவுரி நீலம் அவ்வாறு மாறுவதில்லை.

## சல்ஃபோனிக் தொகுதி: அவுரிச் செந்நீலம்

அவுரி நீலத்தைச் செறிந்த கந்தக அமிலத்தில் கரைத்தால், 5, 5' இடங்களில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் அமர்கின்றன. இதன் சோடியம் உப்பு இண்டிகோ கார்மைன் எனப்படும். உணவு நிறமியாக இது ஈ132 என்னும் குறியீட்டைப் பெற்றுள்ளது.

இதன் உறிஞ்சல் 610 நானோமீட்டரை ஒட்டியே உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே நீலம். ஆயினும் பண்புகள் முற்றிலும் வேறு. மின்சுமை பெற்ற சல்ஃபோனேட்டுத் தொகுதிகளால் இது நீரில் நன்கு கரைகிறது. மேலும் இது ஒரு காடி-காரம் காட்டியாகும். பிஎச் 11.4 வரை நீலமாகவும், 13 அளவில் மஞ்சளாகவும் இருக்கும்.

நீர்த்த சுண்ணாம்பின் தெவிட்டிய கரைசலுடைய பிஎச் ஏறத்தாழ 12.4 ஆகும். எனவே புதிய சுண்ணாம்புப் பூச்சின்மேல் இண்டிகோ கார்மைனைத் தீட்டினால் நீலம் கெடும். சுவர் உலர்ந்து காரத்தன்மை குறைந்த பின் தீட்டினாலும், ஈரக்கசிவில் கரைந்து பரவும். பதிலியற்ற அவுரி நீலமோ காரத்தில் தானாகக் கரைவதில்லை. அது கரைய ஓர் ஒடுக்கும் பொருளும் தேவை. சுண்ணாம்புச் சுவரில் அது நிலைத்து நிற்பதன் காரணம் இதுவே.

## ஒளியைத் தாங்கும் தன்மை

ஒளியை உறிஞ்சிக் கிளர்ந்த மூலக்கூறு, அவ்வாற்றலை ஏதேனும் ஒரு வழியில் இழக்க வேண்டும். வேதிவினையில் ஈடுபட்டு இழந்தால் நிறம் மங்கும். அவுரி நீலத்தில், கிளர்ந்த நிலையில் நைட்ரஜனிலுள்ள ஹைட்ரஜன் அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தாவுகிறது. ஆற்றல் வெப்பமாக வெளியேறி, மூலக்கூறு பழைய நிலைக்குத் திரும்புகிறது. உறிஞ்சப்பட்ட ஆற்றலில் 99 விழுக்காட்டிற்கும் மேல் இவ்வாறே வெளியேறுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்வழி திறந்திருக்க, நைட்ரஜன் மீது ஹைட்ரஜன் இருப்பதும் மூலக்கூறு தட்டையாக இருப்பதும் இன்றியமையாதவை. அந்த இடத்தில் வேறு பதிலி அமர்ந்தால் இவ்வழி அடைபடும். அவுரி நீலம் நூற்றாண்டுகள் தாண்டி நிற்பதற்கு, அந்த இடத்தில் பதிலி எதுவும் இல்லாமையே காரணம் எனலாம்.

## மஞ்சள் பங்காளி: மொரெல்லின்

பச்சைக் கலவையின் மற்றொரு பாதியாகிய மஞ்சள் பிசினும் பல்லினவளையச் சேர்மங்களையே கொண்டது. இங்கு பல்லின அணு ஆக்சிஜன். இப்பிசினின் முக்கியச் சேர்மங்களுள் ஒன்றான மொரெல்லினின் அமைப்பு, கூண்டு போன்ற சிக்கலான வளையத் தொகுப்பாகும். 1963 இல் கே. வெங்கட்ராமன் குழுவினரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கார்த்தாவும் எக்சு-கதிர் படிகவியல் உதவியுடன் இதன் அமைப்பை வெளியிட்டனர். சென்னையில் பிறந்த வெங்கட்ராமன், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநராகவும் சாய வேதியியல் அறிஞராகவும் அறியப்பட்டவர்.

மொரெல்லினின் பக்கச்சங்கிலி முனையில் ஆல்டிகைடு தொகுதி உள்ளது. அதே இடத்தில் கார்பாக்சில் தொகுதி இருந்தால் அது மொரெல்லிக் அமிலம். பிசினிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளும் வளையத்தோடு இணைந்த ஹைட்ராக்சி தொகுதியும் காரத்தோடு வினைபுரிவதால், இப்பிசின் காரத்தில் கரைந்து செந்நிறம் கொள்கிறது. கேரள மரபில் சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்த பின்பே வண்ணம் தீட்டப்படுகிறது. இப்பிசினின் வேதியியலுக்கு அம்முறை பொருந்துகிறது.

இவ்வகைப் பச்சைகளில் மஞ்சளே முதலில் மங்கும் இயல்புடையது. மஞ்சள் மங்கினால் எஞ்சும் நீலம் மட்டும் தெரியும். ஐரோப்பியத் திரைச்சீலைகளிலும் பழைய ஓவியங்களிலும் இலைகள் நீலமாகக் காட்சியளிப்பதற்கு இதுவே காரணம். எனவே ஒரு பழைய சுவரோவியத்தில் நீலமாகத் தெரியும் பகுதி, தொடக்கத்தில் பச்சையாக இருந்திருக்கக்கூடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

## ஓவியப் பாதுகாப்பில் முக்கியத்துவம்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. ஈரமும் பூஞ்சையும் இப்பகுதிச் சுவரோவியங்களுக்குப் பொதுவான இடர்களாகும். தூய்மைப்படுத்தும்போதும் செப்பனிடும்போதும் பின்வருவன கவனத்திற்குரியவை.

* ஒடுக்கும் பொருள்கள்: கற்களிலுள்ள இரும்புக் கறையை நீக்கச் சோடியம் டைதயோனைட்டு பயன்படுகிறது. காரச் சூழலில் இதே பொருள் அவுரி நீலத்தின் கார்பனைல் தொகுதிகளை ஒடுக்கி, அதனைக் கரையும் வெளிர் வடிவமாக மாற்றிவிடும். சாயத்தொழிலில் இது வேண்டப்படும் வினை. ஓவியத்தில் இது பச்சையைக் கரைத்துவிடும். இரும்பு ஆக்சைடாலான காவி நிறத்தையும் இப்பொருள் தாக்கும்.
* வெளுக்கும் பொருள்கள்: பூஞ்சையை அழிக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டு, நடு இரட்டைப் பிணைப்பைத் தாக்கி அவுரி நீலத்தைச் சிதைக்கும். சிதைவில் தோன்றும் ஐசாட்டின் நீலமன்று. இந்த இழப்பு மீளாதது.
* மாற்று நிறமிகள்: ஆலையில் தயாரித்த அவுரி நீலமும் செடியிலிருந்து பெற்றதும் ஒரே மூலக்கூறே. ஆனால் ஓவியர்களுக்கான கடைகளில் இண்டிகோ என்னும் பெயரில் விற்கப்படும் வண்ணங்கள் பலவும் வேறு நிறமிகளின் கலவைகள். பெயரும் தோற்றமும் ஒத்திருந்தாலும், காரத்திலும் ஒளியிலும் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு.
* அடையாளம் காணுதல்: இராமன் நிறமாலை, எதிரொளிப்பு நிறமாலை ஆகியவை ஓவியத்தைச் சுரண்டாமலேயே அவுரி நீலத்தை அறிய உதவுகின்றன. பதிலி மாறினால் நிறமாலையும் மாறுவதால், அவுரி நீலத்தையும் அதன் வழிப்பொருள்களையும் பிரித்தறிய முடிகிறது.

## ஆய்வு வரலாறு

செருமானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1870களின் இறுதியிலிருந்து அவுரி நீலத்தைச் செயற்கையாகத் தொகுக்கும் வழிகளைக் கண்டார். 1883 இல் அதன் அமைப்பை வெளியிட்டார். 1905 இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் வரைந்த அமைப்பில் இரு பாதிகளும் ஒருபக்கமாக இருந்தன. மாறுபக்க அமைப்பே சரியானது என்பது 1928 இல் எக்சு-கதிர் ஆய்வால் தெளிவாயிற்று.

1897 இல் செருமனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் அவுரி ஏற்றுமதி அதன்பின் சரிந்தது. முதல் உலகப் போரின்போது இயற்கை நீலம் சிறிது காலம் மீண்டும் விலைபெற்றது. பீகாரின் சம்பாரணில் 1917 இல் காந்தி மேற்கொண்ட போராட்டம், அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவர்களின் துயரை முன்வைத்தது.

அண்மைக் காலத்தில் இண்டிரூபினின் வழிப்பொருள்கள் மருத்துவ ஆய்வில் இடம்பெற்றுள்ளன. 6-ஆம் இடத்தில் புரோமினும் 3'-ஆம் இடத்தில் ஆக்சைம் தொகுதியும் கொண்ட சேர்மம், ஜிஎஸ்கே-3 என்னும் நொதியைத் தடுக்கும் திறனுக்காக ஆய்வகங்களில் பயன்படுகிறது. கடல்நத்தையில் நிறத்தை மாற்றிய அதே 6-ஆம் இடத்துப் புரோமின், இங்கு மூலக்கூறு நொதியோடு பொருந்தும் விதத்தை மாற்றுகிறது.

## இவற்றையும் பார்க்கவும்

* பல்லினவளையச் சேர்மம்
* அவுரி
* பத்மநாபபுரம் அரண்மனை
* கேரளச் சுவரோவியம்
* உடனிசைவு
* ஹைட்ரஜன் பிணைப்பு
* ஜி. என். இராமச்சந்திரன்